ஓர் உண்ணிக்குள் எத்தனை பொரேலியா?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலம் ஒன்றில் ஒருவருக்கு லைம் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தோலில் வட்டமாகப் படரும் சிவந்த தடிப்பு, காய்ச்சல், உடல்வலி. மருந்து சாப்பிடுகிறார், குணமாகிறது. இரண்டு கோடை கழித்து அதே மாதிரித் தடிப்பு மீண்டும் தோன்றுகிறது. "மருந்து முழுதாகக் கொல்லவில்லை, கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து எழுந்துவிட்டது" என்பார் ஒருவர். "கிருமி உருமாறிவிட்டது" என்பார் இன்னொருவர். இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டுமே தவறு.

சரியான பதிலுக்குப் போக ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். லைம் நோயை உண்டாக்குவது உண்ணி சுமந்து வரும் பொரேலியா என்ற பாக்டீரியா; அதில் பல ரகங்கள் உண்டு. ஒரே உண்ணிக்குள்ளேயே பல ரகங்கள் இருக்கலாம். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010 முதல் 2018 வரையிலான தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டது. இத்தனை பேரைத் தொடும் நோயில் இவ்வளவு அடிப்படையான செய்தி மங்கலாகக் கிடப்பது வருத்தமாக இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலிலேயே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். நம் செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ் நோயை. அதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம். அதன் பாக்டீரியாவும் வேறு. அந்த பாக்டீரியாவிலும் கார்ப், கில்லியம், காட்டோ என்று பல ரகங்கள் இருக்கின்றன. ஆனால் உண்ணி பாக்டீரியாக்களில் மிக ஆழமாக ஆராயப்பட்டது லைம் நோயின் பாக்டீரியாதான் என்பதால், இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நோய்க்குப் பெயர் வந்த ஊர்

1970களின் நடுவில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் வந்தது. பாலி மரே என்ற தாய் உட்பட அவ்வூர்ப் பெண்கள் விடாமல் முறையிட்டதால்தான் மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் ஸ்டீர் அதை விசாரித்தார். காரணக் கிருமி அகப்படச் சில ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கின் ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளின் குடலில் சுருள் சுருளான பாக்டீரியாக்களை வில்லி பர்க்டார்ஃபர் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பு 1982இல் வெளியானது. அவர் பெயரையே சேர்த்து அதற்குப் பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயரிட்டார்கள்.

கிருமிக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அது ஒரே மாதிரியான ஒன்று என்ற எண்ணமும் கூடவே பதிந்துவிட்டது. குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

நெல்லில் எத்தனை ரகமோ அத்தனை

நெல் என்ற பயிர் ஒன்றுதான். ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு ஒரு ரகம், உவர் நிலத்துக்கு ஒரு ரகம், குறைந்த நாளில் அறுவடை செய்ய ஒரு ரகம் என்று நம் உழவர்கள் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் நெல், பூங்காரும் நெல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்று மற்றொன்றாக மாறிவிடாது. அதனதன் குணம் விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருகிறது. வயல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால், அந்த மண்ணுக்கு மிகவும் ஏற்ற ஒரு ரகம் மட்டும் நின்று மற்றவை மறைந்திருக்கும். வயல்கள் வேறுபடுவதால் ரகங்களும் பிழைத்திருக்கின்றன.

பொரேலியாவும் இப்படித்தான். அதற்கு வயல், விலங்குகளின் உடல். எலியின் உடல் ஒரு வகை நிலம், பறவையின் உடல் வேறொரு வகை நிலம்.

இனி இரண்டு சொற்கள். ஒரு புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பே மரபணு. ஒரே இனத்துக்குள் அதே மரபணு பல வடிவங்களில் நிலைத்திருப்பது மரபணுப் பன்மை. அந்த வடிவ வேறுபாட்டை வைத்துத் தனியாக அடையாளம் காணக்கூடிய பரம்பரையைத்தான் இந்தக் கட்டுரையில் ரகம் என்கிறேன்.

எலியிலிருந்து உண்ணி, உண்ணியிலிருந்து எலி

வடகிழக்கு அமெரிக்காவில் பொரேலியாவைச் சுமப்பது கருங்கால் உண்ணி. ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்நாளில் அது மூன்று முறைதான் வயிறு முட்ட இரத்தம் குடிக்கிறது: லார்வாவாக ஒருமுறை, நிம்ஃப் என்ற அடுத்த பருவத்தில் ஒருமுறை, முதிர்ந்தபின் ஒருமுறை.

முட்டையிலிருந்து வெளிவரும் லார்வாவிடம் இந்தப் பாக்டீரியா இருப்பதில்லை. தாய் உண்ணி அதை முட்டை வழியே கடத்துவதில்லை. லார்வா முதன்முதலாகக் கடிக்கும் விலங்கு, பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி, ஏற்கெனவே பாக்டீரியாவைச் சுமந்திருந்தால் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அது கசகசா அளவுள்ள நிம்ஃபாகி, கோடையின் தொடக்கத்தில் இன்னோர் எலியையோ மனிதரையோ கடித்து அங்கே இறக்கிவிடுகிறது. முதிர்ந்த உண்ணி மானைத் தேடுகிறது. மானின் உடலில் பொரேலியா தழைப்பதில்லை. மான் உண்ணிகளின் எண்ணிக்கையைப் பெருக்குகிறதே தவிர, பாக்டீரியாவைக் கொடுப்பதில்லை. இது பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் செய்தி.

வெள்ளைக்கால் எலி போல, தான் பெரிதும் நோயுறாமல் பாக்டீரியாவை வைத்திருந்து அடுத்த உண்ணிக்கு வழங்கும் உயிர்க்கு இருப்பு விலங்கு என்று பெயர். மனிதர் இருப்பு விலங்கு அல்லர். நம் உடலுக்குள் வந்த பொரேலியா மீண்டும் உண்ணிக்குத் திரும்புவது அநேகமாக நடப்பதில்லை. ஆகவே இந்த ரகங்களைச் செதுக்கியதில் நமக்குப் பங்கில்லை; அவை காட்டு விலங்குகளுக்கு ஏற்ப உருவானவை.

ஓர் எலியை ஒரே பருவத்தில் பல உண்ணிகள் கடிக்கின்றன. அவை வெவ்வேறு ரகங்களை அதன் உடலில் இறக்குகின்றன. அதே எலியின் இரத்தத்தைக் குடிக்கும் லார்வா, ஒரே விருந்தில் பல ரகங்களையும் எடுத்துக்கொள்ள முடியும். தலைப்பில் உள்ள கேள்விக்கு இதுவே பதில்: ஒன்று இருக்கலாம், நான்கைந்தும் இருக்கலாம்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். பொரேலியாவில் பல ரகங்கள் உண்டு. அவை உண்ணிக்கும் காட்டு விலங்குக்கும் இடையே மாறி மாறி வாழ்கின்றன. மனிதர் அந்த வழியில் தற்செயலாகக் குறுக்கிடுபவர்.

வேறுபாடு எங்கே எழுதப்பட்டிருக்கிறது

பி31 என்ற ரகத்தின் மரபணுத் தொகுப்பு 1997இல் வாசிக்கப்பட்டது. பெரும்பாலான பாக்டீரியாக்களில் முதன்மையான டி.என்.ஏ. வளையமாக இருக்கும். பொரேலியாவில் அது நேர்கோடாக, சுமார் 9,10,000 எழுத்துகள் நீளத்தில் இருந்தது. அதற்கு வெளியே 21 சிறு டி.என்.ஏ. துண்டுகளும் இருப்பது 2000இல் முழுதாகத் தெரியவந்தது. இப்படி முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியாக இருந்து தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் துண்டுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். அதுவரை வேறெந்த பாக்டீரியாவிலும் இத்தனை பிளாஸ்மிட்கள் பார்க்கப்பட்டதில்லை.

முதன்மை டி.என்.ஏ. ரகத்துக்கு ரகம் அதிகம் மாறுவதில்லை, பிளாஸ்மிட்கள் மாறுகின்றன. சில ரகங்களில் ஒரு பிளாஸ்மிட் இருக்கும், வேறு சிலவற்றில் இருக்காது. ஆய்வகத்தில் நீண்ட நாள் வளர்க்கும்போது சில பிளாஸ்மிட்கள் தொலைந்துபோகின்றன; அவை போனதும் அந்தப் பாக்டீரியாவால் எலியைத் தொற்ற முடிவதில்லை. விலங்கின் உடலில் பிழைக்கத் தேவையான பல மரபணுக்கள் அந்தத் துண்டுகளில்தான் இருக்கின்றன.

மேலுறையை மாற்றும் பாக்டீரியா

பசித்த உண்ணியின் குடலில் பொரேலியா ஆஸ்ப்-ஏ என்ற புரதத்தை மேலுறையில் வைத்திருக்கிறது. குடல் சுவரைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. உண்ணி கடிக்கத் தொடங்கி வெதுவெதுப்பான இரத்தம் உள்ளே வந்ததும் பாக்டீரியா ஆஸ்ப்-ஏவைக் குறைத்து, ஆஸ்ப்-சி என்ற வேறொரு புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. பிறகு குடலிலிருந்து கிளம்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகிறது. அங்கிருந்துதான் நம் தோலுக்குள் வருகிறது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். உண்ணியை ஒரு நாளுக்குள் பிடுங்கிவிட்டால் லைம் நோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

பாலூட்டியின் உடலில் முதல் சில நாள்களைத் தாண்ட ஆஸ்ப்-சி கட்டாயம் வேண்டும். உண்ணியின் உமிழ்நீரில் உள்ள ஒரு புரதம் ஆஸ்ப்-சியைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவுக்குப் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் இந்தப் புரதம் மேற்பரப்பில் வெட்டவெளிச்சமாக இருப்பதால், விலங்கின் உடல் இதைத்தான் முதலில் கண்டுகொள்கிறது. உடனே அதைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. நுழைந்த கிருமியின் குறிப்பிட்ட ஒரு பகுதியோடு மட்டும் பொருந்தும்படி உடல் செய்யும் பாதுகாப்புப் புரதமே ஆன்டிபாடி.

ஆகவே ஆஸ்ப்-சி மரபணுதான் ரகங்களைப் பிரித்தறிய மிகவும் கைகொடுக்கும் அடையாளமாகிவிட்டது. பர்க்டார்ஃபர் ஆராய்ந்த அதே ஷெல்டர் தீவின் உண்ணிகளில் 1990களின் இறுதியில் இந்த மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிறு தீவிலேயே பல ரகங்கள் அடுத்தடுத்து வாழ்ந்துகொண்டிருந்தன. ஆஸ்ப்-சி ரகங்களை ஏ, பி, சி என்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். வட அமெரிக்கா முழுதும் இப்போது இருபதுக்கும் மேற்பட்டவை தெரியும்.

ஒரு ரகம் ஏன் மற்றவற்றை வென்றுவிடவில்லை?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு காட்டில் 'ஏ' ரகம் மிகுந்துவிட்டது என்று கொள்வோம். அந்தக் காட்டின் பெரும்பாலான எலிகளை அது தொற்றியிருக்கும். அவற்றின் உடலில் ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கும். இனி ஏ-வைச் சுமந்த நிம்ஃப் அந்த எலிகளைக் கடித்தால் பயனில்லை. ஆன்டிபாடி பாக்டீரியாவை வாசலிலேயே அழித்துவிடும். ஆனால் அரிதாக இருந்த 'கே' ரகத்தை அந்த ஆன்டிபாடி கண்டுகொள்வதில்லை. அது தடையின்றி நுழைகிறது, பெருகுகிறது. கே பெருகியதும் அதற்கு எதிரான ஆன்டிபாடி எலிகளிடம் பரவுகிறது. அப்போது வேறொரு அரிய ரகத்துக்கு வழி திறக்கிறது. பெரும்பான்மையாக இருப்பதே இங்கே பாதகம்; அரிதாக இருப்பது அனுகூலம். எதுவும் முழுதாக வெல்வதில்லை, எதுவும் எளிதில் அழிவதும் இல்லை.

இதற்கு ஒரு தடயம் மரபணுவிலேயே இருக்கிறது. ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு பாக்டீரியாக்களின் ஆஸ்ப்-சி மரபணுவை ஒப்பிட்டால் வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு வெவ்வேறு ரகங்களை ஒப்பிட்டால் 8 விழுக்காட்டுக்கும் அதிகம். நடுவில் உள்ளவை ஏறக்குறைய இல்லை. ஏ-வுக்கும் கே-வுக்கும் இடைப்பட்ட உருவத்தில் ஒன்று தோன்றினால் ஏ-வின் ஆன்டிபாடியும் அதைப் பிடிக்கும், கே-யின் ஆன்டிபாடியும் பிடிக்கும். விலகி நிற்பவை மட்டுமே பிழைக்கின்றன.

வயல் வேறுபாடு இரண்டாவது காரணம். வெள்ளைக்கால் எலி, சிப்மங்க் என்ற வரி அணில், குட்டைவால் மூஞ்சூறு, சாம்பல் அணில் ஆகியவை வடகிழக்கு அமெரிக்காவின் முக்கிய இருப்பு விலங்குகள். எல்லா ரகங்களையும் இவை சமமாக உண்ணிக்குக் கடத்துவதில்லை. ஒவ்வொரு விலங்கும் சில ரகங்களை நன்றாகவும் சிலவற்றை மோசமாகவும் கடத்துகிறது. பலவகை விலங்குகள் உள்ள காட்டில் பலவகை ரகங்களும் இடம்பிடித்துக்கொள்கின்றன. இரண்டில் எந்தக் காரணம் பெரியது என்று ஆய்வாளர்கள் நீண்ட காலமாக விவாதிக்கிறார்கள். இரண்டும் ஒருசேர நடக்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

சுருக்கமாக: விலங்குகளின் நோய் எதிர்ப்பு நினைவும், விலங்குகளுக்கு இடையிலான வேறுபாடும் சேர்ந்து ரகங்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

"உருமாறிவிட்டது" என்ற பேச்சு

இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் பேச்சு இது. ரகங்களுக்கு இடையிலான வேறுபாடு மிகப் பழையது. யேல் ஆய்வாளர்கள் வட அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பொரேலியா மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டு 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்தப் பாக்டீரியா அந்தக் கண்டத்தில் குறைந்தது 60,000 ஆண்டுகளாக இருந்துவருகிறது. 1940களில் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உண்ணிகளிலும் அதன் டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது. 1970களில் நோய் பெருகியதற்குப் புதிய மாற்றம் எதுவும் காரணமில்லை. கைவிடப்பட்ட விளைநிலங்கள் மீண்டும் காடாயின. அழியும் நிலைக்குப் போன மான்கள் பெருகின. மக்கள் காட்டோரத்தில் வீடு கட்டினார்கள்.

இன்னொரு நிகழ்வு ஒரே உடலுக்குள் நடப்பது. பொரேலியாவின் ஒரு பிளாஸ்மிட்டில் வி.எல்.எஸ்.ஈ. என்ற மரபணு இருக்கிறது. அதன் பக்கத்திலேயே செயல்படாத 15 துண்டுகள் வரிசையாக உள்ளன. பாலூட்டியின் உடலுக்குள் வந்ததும் பாக்டீரியா அந்தத் துண்டுகளிலிருந்து சிறு பகுதிகளை எடுத்து, செயல்படும் மரபணுவுக்குள் மாற்றி மாற்றிச் செருகுகிறது. அதனால் அந்தப் புரதத்தின் தோற்றம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பழைய ஆன்டிபாடிக்குப் பிடிபடுவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் பாக்டீரியா மாதக்கணக்கில் உடலில் தங்குவது இந்த உத்தியால்தான். ஆனால் இதனால் ஏ ரகம் கே ரகமாகிவிடாது. ஆஸ்ப்-சி அப்படியே இருக்கும்.

எல்லா ரகமும் மனிதரை ஒரே மாதிரித் தாக்குவதில்லை

1999இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளின் தோலிலும் இரத்தத்திலும் இருந்த ரகங்களை ஒப்பிட்டது. தோலைத் தாண்டி உடலுக்குள் பரவியவற்றில் ஏ, பி, ஐ, கே என்ற நான்கு ரகங்களே இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் பட்டியலில் மேலும் சிலவற்றைச் சேர்த்தன. ஆனாலும் பரவும் திறனில் ரகங்கள் வேறுபடுகின்றன என்ற முடிவு நிலைத்துவிட்டது. ஆகவே ஓர் உண்ணியைப் பரிசோதித்து 'பொரேலியா உண்டு' என்று அறிக்கை வந்தால், அந்த உண்ணி கடித்தவருக்கு நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை.

ஐரோப்பாவில் வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே பொரேலியாவின் நெருங்கிய உறவினங்களே பல உள்ளன. பொரேலியா அஃப்செலி எலி வகைகளில் வாழ்கிறது. மனிதரிடம் பெரும்பாலும் தோலைப் பாதிக்கிறது. பொரேலியா கரினி பறவைகளில் வாழ்கிறது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் போக்கு அதற்கு அதிகம். அமெரிக்காவில் மூட்டு வீக்கம் முதன்மையாகப் பேசப்படுவதும், ஐரோப்பிய மருத்துவர்கள் தோலையும் நரம்பையும் அதிகம் பேசுவதும் இதனால்தான்.

எலிக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று என்று பிரித்துவைப்பது காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதத் தொகுதி. ஆன்டிபாடி உருவாகும் முன்பே நுழைந்த பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்லும் வேலை அதனுடையது. பறவையின் காம்ப்ளிமென்ட் அஃப்செலியைக் கொல்கிறது. எலியினுடையது கரினியைக் கொல்கிறது. கலிஃபோர்னியாவில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அங்குள்ள வேலி ஓணானின் இரத்தம் பொரேலியாவை அறவே ஒழித்துவிடுகிறது; பாக்டீரியாவோடு வந்து அதைக் கடித்த நிம்ஃப், பாக்டீரியா இல்லாத உண்ணியாகத் திரும்புகிறது.

மீண்டும் வந்த தடிப்பு

இப்போது முதலில் சொன்ன நோயாளிக்கு வருவோம். சிவந்த தடிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்த 17 பேரிடமிருந்து ஒவ்வொரு முறையும் பாக்டீரியாவை எடுத்து ஆஸ்ப்-சி மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. அடுத்தடுத்து வந்த 22 இணை நிகழ்வுகளில் ஒன்றில்கூட ஒரே ரகம் இல்லை. பழைய கிருமி பதுங்கியிருந்தால் அதே ரகம் மீண்டும் கிடைத்திருக்கும். அவர்களைப் புதிய உண்ணி கடித்து, புதிய ரகம் தொற்றியிருக்கிறது. காட்டு எலிக்கு நேர்வதே அவர்களுக்கும் நேர்ந்தது: ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி கே-யைத் தடுக்கவில்லை.

மருந்து தோற்றுவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை. ரகம் எதுவானாலும் டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின் போன்ற அதே மருந்துகள் வேலை செய்கின்றன. அவை மாறாத பகுதிகளைத் தாக்குகின்றன. இரத்தப் பரிசோதனைகளில் சிலவும் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. வி.எல்.எஸ்.ஈ. புரதத்தின் வெளிப்பகுதி ஓயாமல் மாறினாலும் அதற்குள் மாறாத ஒரு சிறு பகுதி உண்டு. சி6 என்று பெயரிட்ட அந்தப் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடினால், ரகம் எதுவாக இருந்தாலும் தொற்றைக் கண்டறிய முடிகிறது.

தடுப்பூசி செய்பவர்களுக்குத்தான் பன்மை பெரிய தலைவலி. இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்ப்-சிக்கு எதிராக ஓர் ஊசி செய்வது கடினம். ஆகவே 1998இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட தடுப்பூசி ஆஸ்ப்-ஏவைக் குறிவைத்தது. உண்ணி நம் இரத்தத்தைக் குடிக்கும்போது கூடவே ஆன்டிபாடிகளும் அதன் குடலுக்குள் போய், பாக்டீரியா கிளம்பும் முன்பே அதைத் தாக்கின. ஆஸ்ப்-ஏ பெரும்பாலும் உண்ணிக்குள் மட்டும் வெளிப்படுவதால் எலிகளின் ஆன்டிபாடி அதை விரட்டி விரட்டி வேறுபடுத்தவில்லை. வட அமெரிக்கா முழுதும் அது ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கிறது. அந்த ஊசி 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இப்போது ஃபைசர், வால்னேவா என்ற மருந்து நிறுவனங்கள் உருவாக்கிவரும் தடுப்பூசியும் ஆஸ்ப்-ஏவையே குறிவைக்கிறது. ஐரோப்பாவின் உறவினங்களையும் சேர்த்துப் பிடிக்க, அதில் ஆஸ்ப்-ஏவின் ஆறு வடிவங்களைச் சேர்த்திருக்கிறார்கள். வட அமெரிக்காவுக்குத் தேவையானது அந்த ஆறில் ஒன்று.